கல்லீரலுக்காக ஓடுகிறீர்களா? அலுவலகத்தில் நிதி திரட்டும் வழி

ஜூலை 28 உலக ஹெபடைடிஸ் தினம். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூச் புளூம்பெர்க்கின் பிறந்தநாள் அது. சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. நடுவில் இருப்பது ஐந்து மாதத்துக்குச் சற்று அதிகம். ஓடிப் பழக்கமில்லாதவர் 21 கிலோமீட்டர் ஓடத் தயாராக இந்த அவகாசம் தாராளமாகப் போதும். பெரியவர்களுக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் மூன்று தவணைதான்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. ஜூலை கடைசியில் அலுவலகத்தில் நாலைந்து பேர் சேர்ந்து பெயர் கொடுத்தால், முதல் ஊசியும் முதல் பயிற்சியும் ஒரே வாரத்தில் தொடங்கிவிடும். நிதி திரட்டும் ஓட்டத்துக்கு இதைவிடத் தோதான காலண்டர் வேறு எந்த நோய்க்கும் இல்லை.

எதற்காக இந்தப் பணம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நன்கொடை தருகிறவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பி, 55 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் சி. சி வகையைப் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் முழுமையாகக் குணப்படுத்திவிடலாம். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். பி வகையை வேரோடு அகற்ற முடியாவிட்டாலும், மாத்திரையால் கட்டுக்குள் வைக்க முடியும். மத்திய அரசின் தேசியத் திட்டம் 2018 ஜூலை 28 முதல் பரிசோதனையையும் மருந்தையும் இலவசமாகவே தருகிறது.

அப்படியிருந்தும் மக்கள் சாகிறார்கள். காரணம், தனக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. உலக அளவில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் நோய் கண்டறியப்பட்டவர்கள் 13 சதவீதம் மட்டுமே. கல்லீரல் சுருங்கும்வரை, சில சமயம் புற்றுநோய் வரும்வரை, உடம்பு ஒன்றும் காட்டிக்கொடுப்பதில்லை. ஆகவே மருந்து வாங்கப் பணம் திரட்டுவதைவிட, ஆட்களைக் கண்டுபிடித்து மருந்துவரை கூட்டிச்செல்லப் பணம் திரட்டுவதே இங்கே பயன்தரும். முகாம் நடத்துவது, மாவட்ட மருத்துவமனைக்குப் போய்வர பஸ் செலவு கொடுப்பது, பாசிட்டிவ் என்று வந்தவரிடமும் அவர் குடும்பத்திடமும் உட்கார்ந்து பேச ஓர் ஆலோசகரை வைப்பது, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசி போட்டாயிற்றா என்று பின்தொடர்வது ஆகிய வேலைகள்தான் தொக்கி நிற்கின்றன. இவற்றைச் செய்யும் அறக்கட்டளையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். “கல்லீரல் விழிப்புணர்வு” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் இடத்தில், போன வருடம் எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தீர்கள், அதில் எத்தனை பேர் சிகிச்சையில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

எல்லாரும் ஓடத்தான் வேண்டும் என்பதில்லை. 1981இல் ஹாங்காங்கில் கூர்க்கா வீரர்களின் பயிற்சியாகத் தொடங்கிய டிரெயில்வாக்கரில் நான்கு பேர் ஓர் அணி, 100 கிலோமீட்டர் நடை, 48 மணி நேரம். அலுவலகங்களுக்கு அந்த வடிவம்தான் சரிப்படும் என்பது என் எண்ணம். வேகமானவர் மெதுவானவருக்காக நின்று வரவேண்டியிருக்கும். ஐம்பது வயது அக்கவுண்டன்ட்டும் சேர்ந்துகொள்ளலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம்வரை போய்வரும் சைக்கிள் பயணத்தையும் இதேபோல் அணியாக வைத்துக்கொள்ளலாம். கடினமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் சும்மா கேட்கவில்லை, உடம்பை வருத்திக்கொண்டு கேட்கிறீர்கள் என்பது தருகிறவருக்குத் தெரிய வேண்டும்.

எச்ஆரிடம் பேசும் முன்

இதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. ஹெபடைடிஸ் பி என்பது வேலையோடு ஒட்டிய பயம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான மருத்துவப் பரிசோதனையில் பி அல்லது சி பாசிட்டிவ் என்றால் தகுதியில்லை என்று எழுதிவிடுகிறார்கள். கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, அந்த ஒரு வரியால் ஊர் திரும்பியவர்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருக்கிறார்கள். சீனா 2010இல் வேலைக்குச் சேர்க்கும்போது ஹெபடைடிஸ் பி பரிசோதனை கேட்பதையே தடைசெய்தது. நம் நாட்டில் எச்ஐவி உள்ளவர்களைப் பணியில் பாகுபாடு செய்யக் கூடாது என்று 2017இல் சட்டம் வந்தது. ஹெபடைடிஸுக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை.

எனவே உங்கள் ஓட்டத்தை ஒட்டி அலுவலகத்தில் முகாம் நடத்துவதாக இருந்தால் ஒரு நிபந்தனையில் உறுதியாக நில்லுங்கள்: முடிவு, பரிசோதித்துக்கொண்டவரின் கைக்கு மட்டுமே போக வேண்டும். எச்ஆருக்குப் பெயர்ப் பட்டியல் போகக் கூடாது, “மொத்தம் எத்தனை பாசிட்டிவ்” என்ற எண்ணிக்கைகூடப் போகக் கூடாது. முப்பது பேர் உள்ள ஒரு தளத்தில் “ஒருவருக்கு இருக்கிறது” என்று தெரிந்தாலே போதும், மறுநாள் காலை யார் லீவு என்று பார்ப்பார்கள். நிர்வாகம் இதை எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் முகாமை விட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற தகவலை மட்டும் சொல்லி, ஓட்டத்தை நடத்துங்கள். ஓடுகிறவர்களிடமும் “ஏன் இந்த நோய்க்காக? உங்கள் வீட்டில் யாருக்காவது…?” என்று யாரும் துருவக் கூடாது.

பணம் எந்த வழியாகப் போகிறது

உங்கள் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், ஆறு மாதம் கழித்து ஒருவர் ரசீது கேட்டால் உங்களிடம் காட்ட எதுவும் இருக்காது. அறக்கட்டளையின் நன்கொடைப் பக்கத்துக்கே பணம் நேராகப் போகட்டும். போட்டிக்கான நுழைவுக் கட்டணம், ஷூ, பயணச் செலவு எல்லாம் உங்கள் கைக்காசு. அதை மற்றவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

80ஜி பதிவு உள்ள அமைப்புக்குத் தந்தால் பொதுவாகப் பாதித் தொகைக்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். புதிய வரிமுறைக்கு மாறியவரிடம் “டாக்ஸ் பெனிஃபிட் உண்டு” என்று சொல்லிப் பணம் வாங்கினால் பிறகு முகம் பார்க்க முடியாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் சலுகை கிடையாது.

கம்பெனியின் சிஎஸ்ஆர் நிதி கிடைக்குமா? இங்கே பலரும் இடறுகிறார்கள். மாரத்தான் போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகளுக்கான செலவைச் சிஎஸ்ஆர் கணக்கில் காட்ட முடியாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2014 ஜூனிலேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. ஆனால் அறக்கட்டளை தொடர்ந்து நடத்தும் பரிசோதனைத் திட்டம், நோய்த்தடுப்பு என்ற வகையில் சிஎஸ்ஆருக்குள் வரும். அந்த அமைப்பு சிஎஸ்ஆர்-1 பதிவு வைத்திருக்க வேண்டும். ஆகவே நிர்வாகத்திடம் “எங்கள் ஓட்டத்துக்கு ஸ்பான்சர் செய்யுங்கள்” என்று போகாதீர்கள். “ஊழியர்கள் திரட்டும் தொகைக்கு ஈடாக, இந்த அமைப்பின் ஒரு வருடத் திட்டத்துக்குக் கம்பெனியும் தரட்டும்” என்று போங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய சக ஊழியர்களைக் கேட்பதற்கு முன், வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டம் நினைவிருக்கட்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகத் தரலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது.

கேட்பது எப்படி

முதல் நன்கொடை உங்களுடையதாக இருக்கட்டும். அடுத்து, நன்றாகத் தரக்கூடிய இரண்டு பேரைத் தனியாகக் கேளுங்கள். பக்கத்தைத் திறந்து பார்க்கிறவர், ஏற்கெனவே விழுந்திருக்கும் தொகையைப் பார்த்துத்தான் தன் தொகையை முடிவுசெய்கிறார். ஐம்பது ரூபாயில் தொடங்கினால் எல்லாம் ஐம்பதாகவே வரும்.

மாசக் கடைசியில் கேட்காதீர்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் வேண்டாம். சம்பளம் விழுந்த முதல் வாரம் நல்ல நேரம். குரூப்பில் பொதுவாகப் போட்டால் கட்டைவிரல் குறிகள்தான் வரும். தனித்தனியாக அனுப்புங்கள், இப்படி:

“மேடம், வணக்கம். ஜனவரியில் சென்னை மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை முகாம் நடத்தும் அறக்கட்டளைக்காக 25,000 ரூபாய் திரட்டப் பார்க்கிறேன். உங்களால் 500 ரூபாய் தர முடிந்தால் கீழே உள்ள லிங்க்கில் நேரே அவர்களுக்கே போய்விடும், ரசீதும் அவர்களே அனுப்புவார்கள். இந்த மாசம் தோதுப்படாவிட்டால் பரவாயில்லை மேடம்.”

தொகையைச் சொல்லிக் கேட்டால் தருகிறவருக்கு வேலை சுலபம். கடைசி வரி அவசியம். நீங்கள் டீம் லீடாக இருந்தால், உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் செய்தியை அனுப்பவே கூடாது. அப்ரைசல் போடும் கை காசு கேட்டால் யார்தான் மறுப்பார்? உங்கள் இணையான பதவியில் உள்ளவர்களையும் மேலே உள்ளவர்களையும் கேளுங்கள்.

கேட்கப் போகும் இடத்தில் கேள்விகளும் வரும். “ஒரே டம்ளரில் குடித்தால் ஒட்டிக்குமா?” இல்லை, பி, சி இரண்டும் ரத்தத்தின் வழியாக, பி பாலுறவு வழியாகவும் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். தண்ணீரிலும் உணவிலும் வருவது ஏ, இ வகைகள். “குடிகாரர்களுக்கு வருவதுதானே?” அமிதாப் பச்சனுக்கு 1982இல் ‘கூலி’ படப்பிடிப்பு விபத்துக்குப் பின் ஏற்றிய ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வந்தது, பல வருடம் கழித்தே அவருக்குத் தெரியவந்தது என்று சொல்லுங்கள், அவரே மேடையில் பேசியிருக்கிறார்.

“கீழாநெல்லி சாப்பிட்டாலே போய்விடுமே” என்று நிச்சயம் ஒருவராவது சொல்வார். அவரைக் கேலிசெய்யாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, அதே புளூம்பெர்க்குடன் சேர்ந்து 1988இல் ‘லான்செட்’ இதழில் கீழாநெல்லி பற்றி நம்பிக்கையூட்டும் ஆய்வை வெளியிட்டது. பின்னர் வேறு இடங்களில் செய்த சோதனைகள் அந்தப் பலனைக் காட்டவில்லை. மஞ்சள் காமாலையில் ஏ, இ வகைகள் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடுவதால், சாப்பிட்ட பச்சிலைக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. இதைப் பொறுமையாகச் சொன்னால், அவர் காசு தராவிட்டாலும் பரிசோதனைக்குப் போகக்கூடும்.

உடம்பு

வாரத்துக்கு மூன்று நாள் சின்ன ஓட்டம், ஞாயிறு அதிகாலை ஒரு நீண்ட ஓட்டம், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் கூட்டுவது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று ஞாயிறுகளை விழுங்கிவிடும் என்று முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள். ஓஎம்ஆரில் முழங்கால் தண்ணீரில் ஓட முடியாது. மாடிப்படி இருக்கிறது.

தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தான் ஓட்டக்காரர்களிடம் எடுத்த ரத்தத்தில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களிடம்தான் அது அதிகம். தாகத்துக்குக் குடியுங்கள், உப்பும் சேரட்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள்.

ஹெபடைடிஸ் பி உள்ளவர் ஓடலாமா? கல்லீரல் சுருக்கம் இல்லாதவர்கள் பெரும்பாலும் ஓடலாம். சுருக்கம் இருப்பவர் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. ஊசி போட்டுக்கொள்ளும் முன் ஏற்கெனவே தொற்று உண்டா என்று ரத்தம் பார்த்துவிடுவதும் நல்லது.

ரெஸ்யூமேயில் இந்த நிதி திரட்டலைப் போடலாம், போட வேண்டும். “மாரத்தான் ஓட்டக்காரர்” என்று பொழுதுபோக்கு வரிசையில் புதைக்காதீர்கள். எத்தனை பேரை ஒருங்கிணைத்தீர்கள், எவ்வளவு இலக்கு, எவ்வளவு வந்தது, சிஎஸ்ஆர் குழுவை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று இரண்டு வரி. ஆறு மாதத் திட்டத்தை அதிகாரம் எதுவும் இல்லாமல் நடத்தி முடித்தவர் என்று இண்டர்வியூ எடுப்பவர் புரிந்துகொள்வார்.

ஓட்டம் முடிந்த வாரத்திலேயே தந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றியும் மொத்தத் தொகையும் போகட்டும். மார்ச்சுக்குள் ரசீதுகள் வந்துவிட்டனவா என்று அறக்கட்டளையை விரட்டுங்கள். இன்னொன்று: அந்த வாரம் அலுவலக மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குத் தேதி கொடுத்திருந்தால் தள்ளிப்போடுங்கள். நீண்ட ஓட்டத்தில் தசைகள் அடிபட்டு, கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி அளவுகள் இரண்டும் சில நாட்களுக்கு எகிறி நிற்கும். கல்லீரல் நன்றாக இருப்பவரின் ரிப்போர்ட்டிலும் சிவப்புக் கோடு விழும். இரண்டு வாரம் விட்டுப் போங்கள்.