புதிய ரோஜாவுக்கு இடம் வகுத்தல்

வீட்டின் முன்னேனும் பின்னேனும் சிறிது வெற்றிடம் உடையார் அதன்கண் ஒரு ரோஜாச் செடியாவது நட விரும்புதல் இயல்பு. அவ்விருப்பம் நன்றே. ஆயினும் அங்ஙனம் நட்ட செடிகளுள் ஓராண்டு கடந்து செழித்து நிற்பன சிலவாகவே காண்கின்றோம். மண் சரியில்லை என்பாரும், செடி விற்றவர் ஏமாற்றினார் என்பாரும், தம் கைக்கு ராசியில்லை என்பாரும் உளர். யாம் கருதுவது வேறு. செடியை வாங்கிய பின்னர் அதற்கு இடந்தேடுதலே பெரும்பாலும் இக்கேட்டிற்குக் காரணமாகின்றது. இடத்தை அறிந்த பின்னரே செடியைத் தேடுதல் வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் உள்ளதோர் எளிய இல்லத்தை மனத்திற்கொண்டு, இம்முறையினை ஈண்டு ஆராய்வாம்.

இதற்கு வழிகாட்டியைத் தமிழ் பயில்வார் அயலிடத்தே தேடவேண்டுவதில்லை. தொல்காப்பியனார் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தோன்றும் மரமும் பூவும் புள்ளும் பிறவும் கருப்பொருள். மாந்தர்க்குரிய ஒழுக்கம் உரிப்பொருள். இவ்வைப்பில் பூவுக்கு முன்னே நிலமும் பொழுதும் நிற்றல் காண்க. ரோஜாவோ நம் நாட்டிற்குப் பின்னர் வந்த பூ. குறிஞ்சிப்பாட்டில் எண்ணப்பெற்ற 99 பூக்களுள் அதற்கு இடமில்லை. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். அப்பொருளில் ரோஜா நம் மனைக்கு வந்த விருந்தாகும். வந்தபின் இருக்கை தேடுவது விருந்தோம்பும் முறையன்று.

முதற்கண் நிலத்தைக் காண்பாம். ரோஜாவின் வேர் ஈரத்தை விரும்பும், தேக்கத்தைப் பொறாது. நீர் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்றுக் கிடையாமையால் அஃது அழுகும். ஆதலின், இடம் இதுவெனத் துணியுமுன், நீளம் அகலம் ஆழம் மூன்றும் ஒன்றரை அடியாக ஒரு குழி தோண்டி, அதனை நீரால் நிரப்புக. மறுநாள் காலையிலும் நீர் வற்றாது நிற்குமாயின் அவ்விடம் தக்கதன்று. வேறிடம் இல்லையெனின், செங்கல் அடுக்கி முக்கால் அடி உயரத்திற்கு மேட்டுப்பாத்தி அமைத்து அதன்கண் நடலாம். உதகமண்டலத்தில் 1995-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அரசு ரோஜாப் பூங்காவைச் சுற்றுலாவிற் கண்ட மாணாக்கர் பலராவர். அஃது எல்க் குன்றின் சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் ஐந்து அடுக்குகளாக அமைந்துள்ளது. கண்ணுக்கு இனிய அவ்வமைப்பு வேருக்கும் இனியதாம். பெய்த மழை அங்கே தங்காது வழிந்துவிடும். சமவெளியில் அச்சரிவு நமக்கில்லை. ஒரு சிறு மேட்டினால் அதனை நாமே ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

இனி, நிலத்தில் விலக்கத்தக்க இடங்கள் சில உள. வேம்பு, தென்னை, முருங்கை முதலியவற்றின் அடியில் நட்ட ரோஜா, நிழலாலும் வாடும். மரத்தின் வேரோடு போட்டியிட்டு உணவின்றியும் மெலியும். மரத்தின் வேர் அதன் கிளைப் பரப்புக்கு அப்பாலும் செல்லும் என்பதை மறத்தலாகாது. அடுக்களை நீர் ஓடும் வாய்க்காலின் ஓரம் வாழைக்குரியது, ரோஜாவுக்கு ஆகாது. பழைய வீடுகளின் சுவரடியில், வெள்ளையடிக்குங்காற் சிந்திய சுண்ணாம்பும் உதிர்ந்த காரையும் மண்ணோடு கலந்து கிடக்கும். ரோஜா சிறிது அமிலத்தன்மை உடைய மண்ணையோ, நடுநிலையான மண்ணையோ விரும்புவது. சுண்ணாம்பு மிக்க மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர் அதனை எளிதிற் கொள்ளமாட்டாது. அதனால் நரம்பு பச்சையாக நிற்க, இளந்தளிர் மஞ்சளிக்கும். ஆகவே சுவரினின்று மூன்றடியேனும் விலகி நடுதல் நன்று. பல்லாண்டு ஒரு ரோஜா நின்று பட்டுப்போன குழியிலேயே புதிய ரோஜாவை வைத்தலும் தகாது. அம்மண்ணில் புதுச்செடி பெரும்பாலும் தேறுவதில்லை. அவ்விடமே வேண்டுமெனின், குழியின் பழமண்ணை முழுதும் அகற்றிப் புதுமண்ணும் மக்கிய தொழுவுரமும் இட்டு நிரப்புக.

அடுத்துப் பொழுதினைக் காண்பாம். பொழுது, சிறுபொழுது பெரும்பொழுது என இருவகைப்படும். சிறுபொழுதுகளுள் ரோஜாவுக்கு உற்றது காலை. நாடோறும் ஐந்தாறு மணி நேரமேனும் வெயில் படாத இடத்தில் ரோஜா இலையை மிகுத்துப் பூவைக் குறைக்கும். அவ்வெயிலும் காலை வெயிலாக இருத்தல் சிறப்பு. இரவில் இலைமேற் படிந்த பனியை அது விரைவில் உலர்த்திவிடும். இலை நெடுநேரம் நனைந்திருப்பின், கரும்புள்ளி நோயை விளைக்கும் பூஞ்சணம் அதன்கண் முளைத்துப் பற்றும். மாலை வெயிலோ சித்திரை வைகாசியில் இதழைக் கருக்கும். ஆதலின் வீட்டின் கிழக்குப்புறம் முதலிடம் பெறும். மேற்கு வெயில் நேரே தாக்கும் இடம் கடைசியில் வைத்து எண்ணத்தக்கது.

பெரும்பொழுதிற் பலர் மயங்குவர். ஆங்கில நாட்டுத் தோட்ட நூல்கள், வெயிலை விரும்பும் செடிக்குத் தெற்கு நோக்கிய இடத்தைச் சிறப்பித்துக் கூறும். அந்நாட்டில் நண்பகற் கதிரவன் எஞ்ஞான்றும் தெற்கிலேயே நிற்பதால் அவ்விதி அங்கே பொருந்தும். நம் நாட்டிலோ ஆண்டில் ஒரு பகுதி கதிரவன் தலைக்கு வடக்கே செல்கின்றான். மதுரையைச் சான்றாகக் கொள்வோம். அது நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கில் உள்ளது. ஜூன் 21-ஐ ஒட்டிய நண்பகலில் பத்தடி உயரமுள்ள சுவரின் நிழல், தென்புறம் ஏறத்தாழ இரண்டரை அடி விழும். டிசம்பர் 22-ஐ ஒட்டிய நண்பகலிலோ, அதே சுவரின் நிழல் வடபுறம் ஆறரை அடி நீளும். இதனால் அறியத்தக்கது யாதெனின், ஆனி ஆடியில் வெயில் நிறைந்து தோன்றும் வடபுறத்து இடம், மார்கழியில் நிழலுள் மூழ்கும் என்பதாம். நம் சமவெளியில் மழை ஓய்ந்து, கிளைகளைக் கத்தரித்து, ஆறேழு வாரம் கழித்து ரோஜா நன்கு பூக்குங்காலம் மார்கழி தை மாதங்களை ஒட்டியதே. பூக்கவேண்டிய பருவத்தில் நிழலிடை நிற்கும் செடியை நொந்து பயனென்னை?

மாணாக்கராகிய நமக்கு இதனை ஆராயும் வாய்ப்பு இயல்பாகவே அமைந்துள்ளது. கோடை விடுமுறை ஒன்று; கிறிஸ்துமஸ் விடுமுறை மற்றொன்று. ஒரு தாளில் மனையின் படத்தை வரைந்து, கிணறு, குழாய், மரங்கள், சுவர்கள், நடைபாதை, துணி உலர்த்தும் கொடி ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. கோடை விடுமுறையில் ஒருநாள் காலை எட்டு மணிக்கும், நண்பகலிலும், மாலை நான்கு மணிக்கும் நிழலின் விளிம்பில் சிறு முளைகளை அறைந்து, அவற்றைப் படத்திற் பதிக. டிசம்பரிலும் அவ்வாறே செய்க. ஐப்பசி கார்த்திகை மழையில் எவ்விடத்து நீர் தேங்கியது என்பதை வீட்டாரைக் கேட்டறிக. இருபருவத்தும் வெயில் பெற்று, மழைக்கும் தப்பிய இடம் எது என்பதைப் படமே காட்டிவிடும்.

இனிக் கருப்பொருள். இடம் அறிந்த பின்னரே செடியின் வகையும் தொகையும் துணியப்படும். குளிர்ந்த ஊர்களில் வளர்த்த செடியைப் பேரழகு கருதி வாங்கிவந்து வெப்பம் மிக்க ஊரில் நடின், அது முதற்கோடையிலேயே தளர்தல் உண்டு. சமவெளிக்குப் பழகியவை எட்வர்ட் ரோஜாவும், ஆந்திரச் சிவப்பு ரோஜாவும் போல்வன. எட்வர்ட் என்பது, முன்னாளிற் பூர்போன் எனப் பெயர் பெற்றிருந்த ரீயூனியன் தீவிற்றோன்றிய குடும்பத்தைச் சார்ந்தது, வெப்பத்தைத் தாங்கும், நறுமணமும் உடையது. இவை பரந்து வளர்வன. ஆதலின் செடிக்குச் செடி மூன்றடி, இயலுமாயின் நான்கடி, இடைவெளி விடுக. நடும்பொழுது அவ்விடம் வெறிதாகத் தோன்றும். அவ்வெறுமை காற்று இயங்குதற்கு உரிய வழியாதலின், அதனை வேறு செடிகளால் நிரப்பற்க. பன்னிரண்டடி நீளமுள்ள பாத்தியில் நான்கு செடி போதும். எட்டு நட்டால் எட்டும் மெலியும்.

இறுதியாக உரிப்பொருள். முதலினும் கருவினும் உரியே சிறந்தது என்பது உரைகாரர் துணிபு. ஈண்டும் அஃது உண்மையே. செடியை விரும்பி வாங்குவோர் ஒருவர். அதற்கு நீர் சுமப்போர் மற்றொருவர். விடுமுறையிற் சென்ற மாணாக்கர் ஆறேழு செடிகளை ஆர்வத்தோடு நட்டுவிட்டு, கல்லூரி திறந்ததும் விடுதிக்கு மீள்கின்றனர். பின்னர் அச்செடிகளைப் பேணுவார் யாவர்? பெரும்பாலும் தாய்மாரே. ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். செடி ஒன்றுக்கு ஒரு வேளைக்கு அரைக்குடம் நீர் எனக் கொள்வோம். பத்துச் செடிக்கு ஐந்து குடம். கிணற்றிற்கும் பாத்திக்கும் இடையே நாற்பதடி எனின், குடம் ஒன்றுக்குப் போகவர எண்பதடி. ஐந்து குடத்திற்கு நானூறடி நடை. அதிற் பாதி, நிறைகுடத்தைச் சுமந்து நடக்கும் நடை. சித்திரை வெயிலில், வீட்டுவேலை அனைத்தும் முடித்தபின், ஒரு தாய் இந்நடையை நடத்தல் வேண்டும். அதே பாத்தி கிணற்றிற்குப் பத்தடியில் அமைந்து, செடியும் நான்காக இருப்பின், குடம் இரண்டு, நடை நாற்பதடி. பூவின் அழகு இரண்டிடத்தும் ஒன்றே. சுமையோ பத்தில் ஒரு பங்காயிற்று. குழாயும் நெகிழிச் சுருளும் உள்ள வீட்டிலும், கோடையில் நீர் குறைந்துழி இக்கணக்கே மீண்டும் வந்து நிற்கும்.

நீரோடு ஒழிவதன்று இவ்வொழுக்கம். ஒட்டுச்செடியில் ஒட்டிய இடத்திற்குக் கீழே வேர்ச்செடியின் தளிர் கிளைத்து, மேலுள்ள நல்ல கிளையை நலிவிக்கும். அதனை அடியோடு நீக்கக் கை எட்டவேண்டும். பட்ட கிளையைக் களைதற்கும், களை பறித்தற்கும் செடியைச் சுற்றி ஓராள் குந்தியிருக்க இடம் வேண்டும். ஆகவே சுவரின் மூலையில் எட்டாதவாறு நடுதல் பிழை. மற்று, வழியை ஒட்டி நட்டால் முள் சேலையைப் பற்றும். சிறுவரின் கையைக் கீறும். வழியினின்று மூன்றடி உள்ளே, ஆயினும் வழியிற் செல்வார் கண்ணிற் படும் இடமே நல்லிடம். கண்ணிற் படுவதையே கை பேணும். வாசலிற் கோலமிடும் இடத்தையும், துணி உலர்த்தும் இடத்தையும், பாட்டிமார் மாலையில் அமரும் திண்ணையின் காற்றையும் ரோஜாவின் பொருட்டுக் கவர்தல் முறையன்று.

இவற்றால் யாம் துணிந்தது இதுவே: நட்டு நன்கு வேரூன்றிய ரோஜாவைப் பின்னர்ப் பெயர்த்து நடுதல் அரிது, பெயர்த்தவற்றுட் பல பிழைப்பதில்லை. நல்லிடத்தில் நின்றதோ பத்தாண்டும் அதற்கு மேலும் பூக்கும். ஆதலின் ஓராண்டு பொறுத்து இடந்தேர்தல் காலத்தை வீணாக்குதல் ஆகாது. தோழர்காள், வரும் விடுமுறைக்குச் செல்லுங்கால் கையிற் செடி கொண்டு செல்லற்க. ஒரு தாளும் எழுதுகோலும் சில முளைகளும் போதும். படம் வரைந்து முடித்ததும் அதனை அன்னையாரிடம் காட்டி, “அம்மா, எத்தனை செடிக்கு உங்களால் நீர் ஊற்ற இயலும்?” என்று வினவுக. அவர்கள் இரண்டு என்றால் இரண்டே நடுக.