திருகோணமலையில் செய்தி எழுதத் தொடங்கும் தம்பிக்கு



ஒரு பக்கமும் சாராமல், அரசியலில் தலையிடாமல் செய்தியாளராக இருக்க முடியாதா என்று கேட்டிருந்தீர். திருகோணமலையில் இந்த வேலைக்கு வரும் எவருக்கும் எழும் கேள்விதான். துறைமுகம், கடற்படைத் தளம், கச்சேரி, மூன்று இனத்தவரும் மீன் வாங்கும் சந்தை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. காலையில் எவரைப் பற்றி எழுதினாலும் பின்னேரம் தேநீர்க்கடையில் அவர் முகத்தில் விழிக்க வேண்டிவரும். 'உனக்கேன் இந்த வேலை' என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு.

சுப்பிரமணியம் சுகிர்தராஜனுக்கும் அது தெரியாததல்ல. சம்பளத்துக்குத் துறைமுக அதிகார சபையில் வேலை. அதோடு 'சுடர் ஒளி' பத்திரிகைக்குச் செய்தி. 2006 ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. சுகிர்தராஜன் பிரேத அறைக்குப் போய் உடல்களைப் படம் எடுத்தார். கிட்ட நின்று சுட்ட காயங்கள் அவற்றில் இருந்தன. படங்கள் அச்சில் வந்தபிறகு கைக்குண்டுக் கதை எடுபடவில்லை.

ஜனவரி 24 காலை, வேலைக்குப் போவதற்கு வாகனத்துக்காகக் காத்து நின்ற இடத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. மாணவர் கொலை வழக்கிலும், விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேரைச் சாட்சியம் போதாது என்று திருகோணமலை நீதவான் 2019 ஜூலையில் விடுவித்தார்.

அவர் எடுத்த படங்களில் கோஷம் ஒன்றும் இல்லை. குண்டு எங்கே பட்டது என்பது மட்டுமே இருந்தது. கட்சிக்காரர் ஆயிரம் பேசலாம். நீதவானும் வைத்தியரும் தாயும் ஒருசேரப் பார்க்கக்கூடியதாக இருந்தது அந்தப் படம்தான். சாராமல் இருப்பதும் தலையிடுவதும் அங்கே ஒரே வேலையாகிவிட்டது.

மாணவர்களும் சுகிர்தராஜனும் கொல்லப்பட்ட அதே 2006ஆம் ஆண்டு ஜூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாறு அணைக்கதவை மூடினார்கள். மூன்று இனத்தவரின் வயல்களுக்கும் தண்ணீர் நின்றது. ஆகஸ்டில் புலிகள் மூதூருக்குள் வர, சண்டை மூண்டு பல்லாயிரம் முஸ்லிம்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அங்கேயே 'பட்டினிக்கு எதிரான நடவடிக்கை' என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஊழியர் 17 பேர், பெரும்பாலோர் தமிழர், சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூன்றும் ஒரு மாவட்டத்தில், சில கிழமைகளுக்குள் நடந்தவை. ஒன்றை விரிவாக எழுதி மற்ற இரண்டையும் மூன்று வரியில் முடிக்கும் கை எல்லாப் பக்கத்திலும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நீர் சாய்கிறீரா என்று பார்க்க, உம்முடைய பழைய செய்திகளை எடுத்து, எவருடைய இழப்புக்கு எத்தனை வரி கொடுத்தீர் என்று எண்ணும்.

உம்முடைய காலத்துச் செய்தி வேறு மாதிரி வரும். பிரேத அறையைவிடக் காணிக் கந்தோரில்தான் அதிகம் கிடக்கும். முத்துநகரில் வயல் செய்த விவசாயிகள், சூரிய மின்திட்டத்துக்காகத் தங்களை வெளியேற்றிவிட்டார்கள் என்று 2025இல் கச்சேரிக்கு முன்னால் போராடினார்கள். அது துறைமுக அதிகார சபையின் காணி என்பது அரசின் பதில். விவசாயிகளின் கண்ணீரை எழுதி முடித்துவிடாதீர். அமைச்சரின் அறிக்கையை அப்படியே போட்டு, அதை நடுநிலை என்றும் சொல்லாதீர். காணி எந்த வர்த்தமானியில், எந்த ஆண்டில் போனது? கமநல சேவை நிலையத்தில் அந்த வயல்களுக்கு உர மானியம் கொடுத்த பதிவு உண்டா? எந்தக் கம்பனிக்கு எத்தனை ஏக்கர்?

இவற்றைக் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உம் கையில் இருக்கிறது. சுகிர்தராஜனுக்கு அது இருக்கவில்லை. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று உரிய கந்தோர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யும், அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போம்.

போராட்ட இடத்துக்குத் தனியாகப் போக வேண்டாம். எடுத்த படத்தின் பிரதியை அன்றைக்கே வேறொருவரிடம் கொடுத்து வையும். முத்துநகர் விண்ணப்பத்தை இந்தக் கிழமையே எழுதி, ஒப்பம் வாங்கிய பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்.