லிவரா, மெஷினா?

கேள்வி: கட்டாரில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். வீட்டில் என் பல்சர் 150, மகளின் டியோ, வாப்பாவின் பழைய சி.டி.100 என்று மூன்று வண்டி. டயர் கழற்றும் கை மெஷின் ஒன்றை இணையத்தில் பார்த்தேன். கரண்ட் வேண்டாம், நீளக் கம்பியைச் சுற்றினால் டயர் கழன்று வருகிறது. அதை வாங்கிப் போட்டால் கடைக்கு அலையாமல் இருக்கலாம்தானே?
- வாசகர், சாய்ந்தமருது

பதில்: இருக்கலாம். ஆனால் அதை எந்தத் தரையில் பூட்டப் போகிறீர்கள்? அந்த மெஷினின் கால்களைக் கொங்கிரீட்டில் போல்ட் அடித்து இறுக்க வேண்டும். நம் கரையோர வளவுகளில் பெரும்பாலும் மணலுக்கு மேல் இழுத்த மெல்லிய சீமெந்துதான் தரை. முதல் டயருக்கே கம்பியை ஊன்றிச் சுற்றும்போது போல்ட் சீமெந்தைப் பெயர்த்துக்கொண்டு வரும். பழைய லொறி ரிம் ஒன்றுக்குள் கொங்கிரீட் வார்த்து அதில் மெஷினைப் பூட்டலாம். இல்லையென்றால் தடித்த பலகையில் பூட்டி, அதன் மேல் நீங்களே ஏறி நின்று வேலை செய்யலாம்.

அடுத்தது அளவு. இந்த மெஷின்களில் பல 16 அங்குலத்துக்கு மேற்பட்ட ரிம்மைப் பிடிக்கவே செய்யப்பட்டவை. உங்கள் பல்சரும் சி.டி.யும் 17 அங்குலம், பிடிக்கும். டியோ 90/100-10 டயரில் வருவது. அந்தச் சின்ன ரிம்மைப் பிடிக்குமா என்று கேட்காமல் காசு கட்டாதீர்கள்.

மெஷின் செய்வது மூன்று வேலை: சக்கரத்தை அசையாமல் பிடிக்கும், ரிம்மில் ஒட்டிய டயர் விளிம்பை அமுக்கிப் பிரிக்கும், கம்பி நுனியால் விளிம்பை மேலே தூக்கும். உண்மையில் டயரைக் கழற்றித் தருவது ரிம்மின் நடுவே உள்ள பள்ளம். டயர் விளிம்புக்குள் இரும்புக் கம்பி ஓடுகிறது, அது நீளாது. எதிர்ப்பக்க விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் முழங்காலால் அமுக்கி இறக்கினால்தான் இந்தப் பக்கம் ரிம்மைத் தாண்டிவர இடம் கிடைக்கும். கம்பியில் தொங்க வேண்டியிருக்கிறதா? உடனே நிறுத்துங்கள். எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இறங்கவில்லை என்று அர்த்தம். அதற்கு மேலும் இழுத்தால் வளைவது ரிம், அறுவது விளிம்பு. கடையில் பாஸ் இரண்டு லிவரை வைத்து இரண்டு நிமிடத்தில் கழற்றுவதன் இரகசியமும் இதுதான்.

கடலோரத்தில் வீட்டு வேலைக்கு உண்மையான சோதனை விளிம்பைப் பிரிப்பதில் வரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல் திரும்பத் திறக்கும் வரை பழைய பைக்கையே தட்டித் தட்டி ஓட்டியவர்கள் நாம். உப்புக் காற்று அந்த ரிம்களை விட்டுவைக்கவில்லை. சி.டி.100இன் இரும்பு ரிம்மில் துரு டயர் விளிம்பைப் பசை போலப் பிடித்திருக்கும். முதலில் வால்வுக்குள் உள்ள ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதாக விடுங்கள். குளிக்கும் சவர்க்காரம் கரைத்த தண்ணீரை விளிம்பு ஓரமாக ஊற்றிச் சற்று ஊறவிடுங்கள். பிறகு ஒரே இடத்தில் அமுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே போய், இரண்டு பக்கமும் பிரியுங்கள். கிரீஸ், என்ஜின் ஒயில் ஆகவே ஆகாது. றப்பரைக் கெடுக்கும், டயர் ரிம்மில் வழுக்கி டியூப் வால்வைப் பிடுங்கிவிடும். டிஸ்க் பிரேக் உள்ள சக்கரத்தை டிஸ்க் மேல் பாரம் விழும்படி கிடத்தவும் கூடாது.

கழற்றிய கையோடு சி.டி.யின் ரிம் நாடாவை உரித்துப் பாருங்கள். செம்பொடி கொட்டும், சக்கரக் கம்பிகளின் நுனிகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். காரணமில்லாமல் பஞ்சர் ஆகிறது என்று வாப்பா சொல்லியிருந்தால் காரணம் இங்கே இருக்கலாம். நுனியை அரத்தால் தேய்த்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிப் பெயின்ட் அடித்து, புது நாடா போடுங்கள்.

மாட்டும்போது டியூபுக்கு உருவம் வருமளவு கொஞ்சம் காற்று கொடுத்து உள்ளே வையுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் விளிம்பு பள்ளத்தில் இறங்காது. கடைசியில் வால்வை உள்ளே தள்ளிப் பாருங்கள், தாராளமாகப் போய்வந்தால் டியூப் நசியவில்லை. டயரில் உள்ள அம்புக்குறி வண்டி ஓடும் திசைக்குச் சரியா என்று மாட்டும் முன்பே பார்ப்பது நல்லது.

டியூப் இல்லாத டயருக்குக் கை பம்ப் போதாது. வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு, பெற்றோல் ஷெட் காற்றை ஒரே மூச்சில் அடித்தால் 'டப்' என்று உட்காரும். உட்காரவில்லையென்றால் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல் காற்றை விட்டு, திரும்பச் சவர்க்காரம் தடவுங்கள். பெற்றோல் ஊற்றிப் பற்றவைக்கும் வித்தையைக் காணொளியில் பார்த்திருப்பீர்கள். அது வேண்டாம், தம்பி.

என் கணக்கில் மூன்று வண்டிக்கு மெஷின் அதிகம். நீளமான லிவர் மூன்று, ரிம் கீறாமல் வைக்கும் பிளாஸ்டிக் காப்பு, விளிம்பு பிரிக்கும் கருவி ஒன்று, இவை போதும். காக்கா தம்பிமார் நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்குவதென்றால் மெஷினும் நட்டமில்லை.

கேள்வி: இதே மெஷினில் ஆட்டோச் சக்கரமும் கழற்றலாமா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தேவையே இல்லை. பஜாஜ் ஆட்டோவின் 4.00-8 டயர் இருப்பது இரண்டு துண்டாகப் பிரியும் ரிம்மில். நட்டுகளைக் கழற்றினால் ரிம் பிரிந்து டயர் தானாக வரும். ஆனால் காற்றை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் விட்ட பிறகே ரிம் துண்டுகளைச் சேர்க்கும் நட்டுகளைத் தொட வேண்டும். காற்றோடு அவற்றைத் தளர்த்தினால் ரிம் துண்டு முகத்துக்கே பாயும். சக்கரத்தை வண்டியோடு சேர்க்கும் நட்டுகள் வேறு. தெரியாதவர் மாற்றிக் கழற்றுவது இங்கேதான். சந்தேகம் இருந்தால் முதலில் வால்வு ஊசியைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: புது டயர் என்று கடையில் தருவது புதுசுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகி, நிந்தவூர்

பதில்: பளபளப்பை நம்பாதீர்கள், அது பொலிஷ். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. உள்ளூர் டி.எஸ்.ஐ., சியெட் ஆனாலும் இந்திய டயர் ஆனாலும் விலை பேசும் முன் அதைத் தேடுங்கள். ஒரு பக்கத்தில் காணவில்லையென்றால் டயரைப் புரட்டிப் பாருங்கள், சிலவற்றில் ஒரே பக்கத்தில்தான் அடித்திருப்பார்கள்.