தேதியை முதலில் எழுது

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ கொடுத்தனுப்பிய பென்டிரைவ் வந்து சேர்ந்தது. எம்.எஸ்சி. ஆய்வுக்குச் செம்பரம்பாக்கம் ஏரியையே எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்று அம்மா சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏரிக்கரை ஊரில் வளர்ந்தவள் அந்த ஏரியின் கணக்கு வழக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஃபோல்டரைத் திறந்தேன். 'ஏரி டேட்டா', 'ஏரி டேட்டா (1)', 'மழை புதுசு', '01-12-15', '12-1-15' என்று வரிசையாக நிற்கின்றன. கடைசி இரண்டைப் பார்த்ததும்தான் இந்தக் கடிதத்தை இன்றே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. இரண்டுமே 2015 டிசம்பர் 1-ஆம் தேதியைப் பற்றியவை. ஒன்று நம் வழக்கப்படி நாளை முதலில் வைத்தது. மற்றது அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்தது. திறந்து படித்தபின்தான் எனக்கே விளங்கியது. உன் நெறியாளர் இரண்டாவதை ஜனவரி 12 என்று படித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஃபைலுக்குள் தேதியை அப்படி எழுதினால் எக்செல்லும் கணினியின் அமைப்பைப் பொறுத்து அப்படித்தான் படிக்கும். மாதத்தின் இடத்தில் 12-க்கு மேற்பட்ட எண் வந்தால் மட்டும் தேதி என்று புரிந்துகொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே பத்தியில் பாதி தவறான தேதி, பாதி தேதியே இல்லை என்றால் வரைபடம் எப்படி வரும்?

ஆகவே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுது: 2015-12-01. ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரம் 1988-லிருந்து சொல்வதும் இதைத்தான். பெயரின் தொடக்கத்திலேயே இப்படி வைத்தால், பெயர்வாரியாக அடுக்கும்போது ஃபைல்கள் தாமாகவே கால வரிசையில் வந்து நிற்கும். சாய்கோடு போட்டுத் தேதி எழுதும் பழக்கம் ஃபைல் பெயரில் செல்லாது. விண்டோஸ் அதை ஏற்பதில்லை.

தேதியை ஒழுங்காக எழுதிவிட்டால் மட்டும் போதாது, அது எதன் தேதி என்பதும் தெரிய வேண்டும். உன் ஆய்வின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. வானிலைத் துறையின் 24 மணி நேர மழைக் கணக்கு காலை 8.30 மணிக்கு முடிகிறது. 2015 டிசம்பர் 2 காலை 8.30 வரையிலான கணக்கில் செம்பரம்பாக்கத்துக்கு 47 சென்டிமீட்டர், தாம்பரத்துக்கு 49 சென்டிமீட்டர். ஆனால் அந்த மழையில் பெரும்பகுதி பெய்தது டிசம்பர் 1-ஆம் தேதி பகலிலும் இரவிலும். ஏரியிலிருந்து வெளியேற்றிய நீர் படிப்படியாகக் கூடி விநாடிக்கு 29,000 கன அடியை எட்டியதும் டிசம்பர் 1-ஆம் தேதியே. இரண்டு அட்டவணைகளையும் தேதியை மட்டும் பார்த்து இணைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். முதலில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், மறுநாள்தான் மழை பெய்தது என்று உன் வரைபடம் சொல்லும். அனகாபுத்தூரிலும் ஜாபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் அந்த வெள்ளத்தில் வீடு மூழ்கியவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி அது: எப்போது பெய்தது, எப்போது திறந்தார்கள்? அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு பொய்யான விடையை நீ வைத்துவிடக் கூடாது.

இதற்கு நான் செய்வது இதுதான். மழை ஃபைலுக்கு '2015-12-02_0830வரை_மழை_செம்' என்று பெயர். வெளியேற்றம் மணிக்கு மணி மாறிய நாள் என்றால் நேரத்தையும் நான்கு இலக்கமாகச் சேர்த்துக்கொள்: '2015-12-01_1800_வெளியேற்றம்_செம்'. 'செம்' என்றால் செம்பரம்பாக்கம். பூண்டி, புழல் ஏரிகளுக்கும் இதேபோல ஒரு குறுக்கத்தை முடிவு செய்துகொண்டு கடைசிவரை மாற்றாதே.

'நீர்மட்டம்' என்று ஒரு ஃபைல் வைத்திருக்கிறாயே, அதையும் பிரிக்க வேண்டும். செய்தித்தாளில் ஏரியின் முழு உயரம் 24 அடி என்று வரும். குடிநீர் வாரியத்தின் தினசரி அட்டவணையில் அதே நிறைந்த ஏரி 85.40 அடி; அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுவது. உன் ஃபைலில் இரண்டும் ஒரே பத்தியில் கலந்து கிடக்கின்றன. 'ஆழம்அடி' என்றும் 'கடல்மட்டஅடி' என்றும் இரண்டு பெயர் வை. இருப்பு என்றால் மில்லியன் கன அடி. முழுக் கொள்ளளவு 3,645. அலகைப் பெயரிலேயே எழுதிவிடு, திறக்காமலே தெரியட்டும்.

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வை. ஆனால் சுருக்கமாக வை. லினக்ஸ் கணினிகளில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுத்துக்கொள்கிறது. புள்ளியும் கால்வாங்கியும் தனித்தனிக் குறிகள். 'செம்பரம்பாக்கம்' நம் கண்ணுக்கு 9 எழுத்து. கணினிக்கு 15 குறி, 45 பைட். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடு. பழைய ஜிப் மென்பொருள்கள் சில தமிழ்ப் பெயரைச் சிதைத்துவிடும். அதனால் கல்லூரிக்கு அனுப்புமுன் வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து பார்த்துவிடு.

செயற்கைக்கோள் படங்களை மட்டும் பெயர் மாற்றாதே. 2019 கோடையில் ஏரி வறண்டு கிடந்ததைக் காட்ட லேண்ட்சாட் படம் இறக்கியிருக்கிறாய். அதன் நீண்ட பெயர் குப்பை மாதிரித் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். பொறுமையாகப் படி. 142051 என்பது நம் பகுதியின் முகவரி: 142-ஆம் பாதை, 51-ஆம் வரிசை. அடுத்து இரண்டு தேதிகள் வரும். முதலாவது படம் எடுத்த நாள், இரண்டாவது அதைப் பதப்படுத்திய நாள். உனக்கு வேண்டியது முதலாவது. இவ்வளவையும் பெயருக்குள்ளேயே வைத்துத் தந்திருக்கிறார்கள். அதை 'வறண்ட ஏரி' என்று மாற்றினால் எல்லாம் போய்விடும்.

ஃபோல்டர் மூன்று போதும்: மூலம், வேலை, எழுத்து. இறக்கியது எதுவோ அது மூலத்தில் இருக்கட்டும், அதில் ஒரு கட்டத்தைக்கூடத் திருத்தாதே. திருத்தம், கணக்கு எல்லாம் வேலையில். அத்தியாயங்கள் எழுத்தில்: 'அத்2_ப03' என்றால் இரண்டாம் அத்தியாயத்தின் மூன்றாம் பதிப்பு. சுழியத்தை விடாதே; அது இல்லாவிட்டாலும் விண்டோஸ் ப2-ஐ ப10-க்கு முன்னால் காட்டும், பைத்தான் காட்டாது. நெறியாளர் திருத்தித் தந்ததைத் தனியே 'ப03_நெறி' என்று வை. 'பைனல்' என்ற சொல் வேண்டாம், வைவா முடியும்வரை எதுவும் பைனல் இல்லை.

மூன்று ஃபோல்டருக்கும் வெளியே ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் எழுது. எந்த ஃபைல் எந்தத் தளத்திலிருந்து, என்றைக்கு இறக்கியது, குறுக்கங்களின் விரிவு, 8.30 மணிக் கணக்கு, இரண்டு விதமான அடி எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு பக்கம்தான் வரும். என்னைக் கேட்டால், உன் ஆய்வேட்டின் முதல் பக்கமே அதுதான்.

நகலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 வெள்ளத்தில் சான்றிதழ்களைப் பறிகொடுத்தவர்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டிவந்தது. ஆய்வுத் தரவுக்கு அப்படி முகாம் கிடையாது. லேப்டாப்பில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. ஹார்டு டிஸ்க் லேப்டாப் பையிலேயே இருந்தால் அது நகல் ஆகாது. பூந்தமல்லியில் அத்தை வீட்டு மாடியில் கொடுத்து வை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற உட்காராதே. மழை ஃபைல்களை மட்டும் இந்த வாரம் முடி. 2015 நவம்பர், டிசம்பர் இரண்டு மாதங்களுக்கும் பெயர் மாற்றி, வெளியேற்றக் கணக்கோடு மறுபடி இணைத்து, வரைபடத்தை எனக்கு அனுப்பு. டிசம்பர் 1-ஐ நாம் இருவரும் சேர்ந்து ஒருமுறை சரிபார்த்துவிடுவோம்.

அன்புடன்,
அக்கா