பால்வாடிப் பிள்ளைகளை வழியனுப்பும்போது

இந்த ஆண்டு புதிதாக வேலைக்கு வந்திருக்கிற டீச்சரம்மாக்களுக்கு,

ஐந்து வயது முடிந்த பிள்ளைகளை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பும்போது சான்றிதழ் கொடுத்து நிறைவு விழா வைக்கிறோம். தனியார் நர்சரிகளில் இதையே பட்டமளிப்பு விழா என்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நம் மையங்களில் இந்த வழக்கம் கிடையாது. இப்போது வந்திருப்பதில் எனக்கு நிறைந்த சந்தோஷம். 1975 அக்டோபர் 2-ம் தேதி ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தார். அன்று முதல் ஊர் நம்மைச் சோறு கொடுக்கிற இடமாகத்தான் பார்த்துவருகிறது. பிள்ளை இங்கே என்ன கற்றது என்று பெற்றவளுக்குக் காட்ட ஒரு நாள் கிடைத்திருக்கிறதே, அதை வீணாக்கிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. பௌர்ணமியும் அதற்கு மறுநாளும் விழா வேண்டாம். நம் திருவண்ணாமலையில் இதை வெளியூரிலிருந்து வருகிற அதிகாரிக்குக்கூட எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அன்றைக்குக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் ஜனம். பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். நம் பிள்ளைகளின் தாய்மார் பலர் பூ, தண்ணீர் பாட்டில், சுண்டல் விற்று நாலு காசு பார்ப்பதும் அன்றைக்குத்தான். அவர்களால் வர முடியாது. வராததற்கு நாம் குறை சொல்லவும் முடியாது. சித்ரா பௌர்ணமி ஏப்ரல் பின்பாதியிலோ மே முதல் பாதியிலோ வரும், காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிராமத்து மையமென்றால் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டு நேரம் குறியுங்கள். எப்படியும் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

2. சிறப்பு விருந்தினர் யார் என்று கேட்பார்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சர்தான். கவுன்சிலர் வந்தால் நாற்காலி போடுங்கள், மரியாதை செய்யுங்கள், இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள். ஆனால் ஜூன் மாதத்தில் இந்தப் பிள்ளைகளின் கையைப் பிடிக்கப்போகிறவர் இந்த டீச்சர். பிள்ளை அவர் முகத்தை இங்கே, பழகிய இடத்தில், ஆயா பக்கத்தில் இருக்கும்போது ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். விழா முடிந்ததும் அவரைத் தனியாக உட்காரவைத்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் சொல்லுங்கள். இவனுக்கு இடது காது மந்தம், முன்வரிசையில் உட்காரவையுங்கள். இவள் ஒன்றுக்கு வந்தால் சொல்ல மாட்டாள், காலைப் பின்னிக்கொண்டு நிற்பாள், அப்போது அனுப்பிவிடுங்கள். இவனுடைய அப்பா இறந்து ஆறு மாதம்தான் ஆகிறது. மதிப்பீட்டு அட்டையில் இதெல்லாம் ஏறாது; உங்கள் வாயிலிருந்துதான் போக வேண்டும்.

விழாவுக்கு முந்தின வாரம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்தி அழைத்துப்போங்கள். வகுப்பறையை நிதானமாகப் பார்க்கட்டும். கழிப்பறை எங்கே, குடிக்கிற தண்ணீர்க் குழாய் எங்கே, செருப்பை எங்கே விடுவது என்பதையும் காட்டுங்கள். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் அழுகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்த மூன்றும்தான் பயம். அங்கே காலையில் உப்புமா, பொங்கல் என்று சாப்பாடு உண்டு என்பதையும் சொல்லிவையுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்துவிட்டது. ஆயா ஊட்டிவிட்டுப் பழகிய பிள்ளைக்கு அங்கேயும் சோறு கிடைக்கும் என்ற செய்தி சின்னதல்ல.

3. சினிமாப் பாட்டுக்கு ஆடப் பழக்காதீர்கள். ஒரு மாதம் பிள்ளையைப் படுத்தி எடுத்து, கடைசியில் ஒன்று அழும், ஒன்று அம்மாவைத் தேடி ஓடும். நம் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தில் இருந்து தினமும் செய்ததையே செய்யட்டும்.

என் மையத்தில் நான் வைத்தது இது. தரையில் பாய் விரித்து நாலு மூலையில் நாலு வேலை. ஒரு மூலையில் மணி கோர்ப்பது. ஒன்றில் புளியங்கொட்டையை எண்ணிக் கிண்ணத்தில் போடுவது. ஒன்றில் படம் பார்த்துக் கதை சொல்வது. கடைசி மூலையில் சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவது. ஒரு வருஷம் ஒரு பெண்பிள்ளை சொம்பை இரண்டு கையாலும் தூக்கி, நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிறுத்தினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தொட்டாலே அடிக்கிற அவள் பாட்டி எழுந்து வந்து டம்ளரை எடுத்துக் குடித்தார். அதைவிடப் பெரிய நிகழ்ச்சி எதுவும் நான் நடத்தியதில்லை. இந்தத் தண்ணீர் ஊற்றுகிற பயிற்சி மரியா மாண்டிசோரி அம்மையார் வழியில் வந்தது. 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். 1907-ல் ரோமில் அவர் முதலில் திறந்த பள்ளியும் ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கானதுதான். நம் பால்வாடிக்கு ரொம்பப் பக்கம்.

சுவரில் பிள்ளைகளின் ஓவியத்தை ஒட்டுங்கள். சேர்ந்த புதிதில் கிறுக்கியதையும் இப்போது வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில். நம் ஊர்ப் பிள்ளைகள் வேறு எதை வரைந்தாலும் வரையாவிட்டாலும் மலையை வரைந்துவிடுவார்கள், உச்சியில் சிவப்பாகத் தீபத்தோடு. முதல் தாளில் வெறும் சுழியாக இருக்கிற மலை கடைசித் தாளில் மலையாகவே நிற்கும். எழுத்து தெரியாத தாய்க்கும் அது புரியும்.

4. கறுப்பு அங்கியும் தொப்பியும் வேண்டுமா என்பது எல்லா இடத்திலும் வருகிற கேள்வி. குளிர் நாட்டுப் பழைய பல்கலைக்கழகங்களில் கதகதப்புக்காகப் போட்ட நீள அங்கி அது. நம் ஊர் சித்திரை வெயிலில் பாலியஸ்டரில் தைத்துப் பிள்ளைக்குப் போட்டால் வேர்க்குரு வரும். ஆனாலும் ஒரேயடியாக மறுத்துவிடாதீர்கள். “எங்க வீட்ல யாரும் அதைப் போட்டதில்லம்மா, ஒரு போட்டோ மட்டும்” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டாள். செங்கல் சூளையில் வேலை செய்கிறவள். அவளுக்கு அந்தப் படம் எதிர்காலத்தின் மேல் வைக்கிற ஆசை. சார்ட் பேப்பரில் தொப்பி செய்யுங்கள், இருக்கிற வண்ணச் சீருடையிலேயே, நிழலில் நிறுத்தி, இரண்டு நிமிஷம் படம் எடுங்கள். வாடகைக்கு அங்கி எடுக்கப் பெற்றோரிடம் காசு மட்டும் வசூலிக்காதீர்கள். ஐம்பது ரூபாய் இல்லாத வீட்டுப் பிள்ளை அன்றைக்கு மையத்துக்கே வராது.

படத்தை உங்கள் ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் தாயைக் கேளுங்கள். பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது.

5. பலூன் வேண்டாம். வெடித்த துண்டு பிள்ளையின் தொண்டையில் ஒட்டினால் மூச்சடைக்கும். முழு மல்லாட்டை, கடிக்கிற மிட்டாய் இரண்டும் அப்படித்தான். மல்லாட்டை விளைகிற மாவட்டம் நம்முடையது. வறுத்து நைசாகப் பொடித்து வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுங்கள்.

6. சான்றிதழை ஆயாவும் நீங்களும் சேர்ந்து நின்று கொடுங்கள். தினமும் சமைத்து, மூக்கைத் துடைத்து, தூங்கவைத்தது அவர்தான். மேடை என்றால் அவர் அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொள்வார், கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள்.

7. முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. நடக்க முடியாத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, அவர்களுக்கும் அதே சான்றிதழ், அதே கைதட்டல். ஐந்து வயது முடிந்திருந்தால் பள்ளியில் சேர அவர்களுக்கும் உரிமை உண்டு. தலைமையாசிரியரிடம் நீங்களே பேசுங்கள். கரும்பு வெட்டவோ சூளைக்கோ குடும்பம் கிளம்பிப் போயிருந்தால் அந்தப் பிள்ளையின் சான்றிதழைப் பத்திரமாக எடுத்துவைத்து, வருகிற அன்றைக்குக் கொடுங்கள். அடுத்த வருஷமும் உங்களோடு இருக்கப்போகிற மூன்று வயசுகளுக்கும் ஒரு வேலை வேண்டும். பூ கொடுக்கட்டும்.

8. கோயிலுக்குக் கூட்டிப்போய் அர்ச்சனை செய்வது வீட்டார் விருப்பம். மையத்தில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விழா எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

9. தாய்மார் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவது அன்றைக்குத்தான், அதனால் பள்ளிச் சேர்க்கையை அங்கேயே பேசிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்று தயங்குகிறவர்களிடம், வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பள்ளியும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். சான்றிதழ் கொடுத்த பிள்ளைகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம் அந்த நோட்டோடு போய் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். பெயர் இல்லாத பிள்ளையின் வீட்டுக்கு அன்று சாயங்காலமே போய்விடுங்கள்.