த்ராட்டில் பாடி கெட்டுப்போச்சா? மாற்றும் முன் சோதிப்போம்!



எங்கள் சித்தப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். சிக்னலில் நின்றாலே இன்ஜின் ஆஃப் ஆகிவிடும். பின்னால் ஒரே ஹாரன் சத்தம்! "த்ராட்டில் பாடி போச்சு, புதுசு மாத்தணும்" என்றார்கள் ஓர் இடத்தில். மாற்றினால் அந்த மாதம் கார் கடன் தவணை கட்ட முடியாது. உண்மையிலேயே கெட்டுவிட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

த்ராட்டில் பாடி என்றால் என்ன?

பெட்ரோல் இன்ஜினின் மூக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டருக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும். உள்ளே ஒரு வட்டத் தகடு. ஆக்சிலேட்டரை மிதித்தால் தகடு திறந்து காற்று போகும். 1 கிராம் பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கணக்கு தப்பினால் இன்ஜின் தடுமாறும்.

அறிகுறிகள்:

* ஐடிலிங் ஏறி ஏறி இறங்கும்
* நின்றால் ஆஃப் ஆகும்
* மிதித்தாலும் பிக்கப் இருக்காது
* செக் இன்ஜின் விளக்கு எரியும்

ஆனால் வேறு கோளாறுகளுக்கும் இதே அறிகுறிகள் வரும். அதனால் செலவில்லாத சோதனையை முதலில் செய்ய வேண்டும்.

1. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா?
2. ரப்பர் குழாய், கேஸ்கெட்டில் விரிசல் உண்டா? இன்ஜின் ஓடும்போது 'உஸ்' சத்தம் வந்தால் காற்று கசிகிறது.
3. ஒயர் கனெக்டர் லூஸா?
4. ஸ்கேனர் மாட்டுங்கள். பி0121 என்று வந்தால் தகட்டின் கோணத்தை அளக்கும் சென்சார் பக்கம் சந்தேகம். கேபிள் வகையில் தகடு மெதுவாகத் திறக்கும்போது மீட்டரில் சுமார் 0.5 வோல்ட்டிலிருந்து 4.5 வரை சீராக ஏற வேண்டும். நடுவில் குதித்தால் சென்சார் தேய்ந்துவிட்டது.
5. தகட்டின் ஓரம் பாருங்கள். இன்ஜினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி கரியாகப் படியும். ஐடிலிங்கில் காற்று போகும் வழி மெல்லிய இடுக்குதான். அது அடைபட்டால் வண்டி ஆஃப்!

எச்சரிக்கை: எலக்ட்ரானிக் வகையில் சாவி ஆனில் இருக்கும்போது விரலை விடாதீர்கள். மோட்டார் தகட்டைச் சட்டென்று மூடி விரலை நசுக்கும்.

சித்தப்பா காரில் முதல் நான்கும் சரி. ஐந்தாவதில் பார்த்தால் கன்னங்கரேல் என்று கரி! அதற்குரிய க்ளீனர் ஸ்ப்ரே அடித்து, துணியால் துடைத்து, ஸ்கேனரில் ஐடிலிங்கை மறுபடி செட் செய்தார் வேறொரு மெக்கானிக். இப்போது சிக்னலில் வண்டி நிற்கிறது, இன்ஜின் நிற்பதில்லை.

சென்சார் தேய்ந்தாலோ, தகட்டின் தண்டு ஆடினாலோ மாற்றத்தான் வேண்டும். அழுக்குக்கெல்லாம் மாற்றத் தேவையில்லை. தீர விசாரிப்பதே மெய்!