எண்ணும் அலகும்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் பலவகை அளவைகள் ஒரே நாளில் புழங்குகின்றன. நகைக்கடையில் பவுன், கிராம் ஆகிய இரண்டும் பேசப்படுகின்றன. துணிக்கடையில் மீட்டரோடு கஜமும் உண்டு. வீட்டு விற்பனை விளம்பரங்கள் பரப்பளவைச் சதுர அடியில் குறிக்கின்றன. மூத்தவர்கள் சிலர் ஓர் இடத்தை 'நாலாங்கட்டை' என்பர். அங்கே கட்டை என்பது மைல்கல்லைக் குறிக்கும்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு சந்தையில் காத்தியும் இராத்தலும் வழங்கின. இராத்தல் என்பது பவுண்டு. ஒரு காத்தி ஏறத்தாழ 604.79 கிராம் ஆகும்.

ஓர் அலகிலிருந்து மற்றோர் அலகுக்கு மாற்றும்போது பொருளின் அளவு மாறுவதில்லை. அதைக் குறிக்கும் எண்ணே மாறுகிறது. 5 காத்தி மீனைக் கிலோகிராமில் அறிய, 5-ஐ 604.79-ஆல் பெருக்குகிறோம். விடை 3,023.95 கிராம். 1,000 கிராம் ஒரு கிலோகிராம் ஆதலால் இது ஏறத்தாழ 3.02 கிலோகிராம்.

வேகத்தை மாற்றும்போது இரண்டு அலகுகளைக் கவனிக்க வேண்டும். கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். 90 கிலோமீட்டர் என்பது 90,000 மீட்டர். ஒரு மணி நேரம் என்பது 3,600 வினாடி. 90,000-ஐ 3,600-ஆல் வகுத்தால், வேகம் வினாடிக்கு 25 மீட்டர் என்று தெரிகிறது. ஓட்டுநர் இரண்டு வினாடி கைப்பேசியைப் பார்த்தால், சாலையைப் பாராமலே கார் 50 மீட்டரைக் கடந்துவிடும். அலகு மாறியதும் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது.

அலகைக் கவனிக்காமல் விட்டதால் நேர்ந்த ஒரு நிகழ்வு உலகப் புகழ் பெற்றது. 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், கனடா நாட்டின் போயிங் 767 விமானம் ஒன்று மொண்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டனுக்குப் புறப்பட்டது. அப்போது கனடாவும் மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. எரிபொருள் அளவுகாட்டி இயங்காததால் பணியாளர்கள் கையால் கணக்கிட்டனர்.

பயணத்துக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் தேவை. தொட்டியில் 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரைக் கிலோகிராமாக மாற்ற 0.803-ஆல் பெருக்கியிருக்க வேண்டும். அவர்களோ 1.77-ஆல் பெருக்கினர். அந்த எண், ஒரு லிட்டர் எரிபொருளின் எடையை இராத்தலில் காட்டுவது. அதனால் 20,088 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் மட்டுமே நிரப்பப்பட்டது. தேவையில் பாதிகூட இல்லாமல் விமானம் பறந்தது.

ஏறத்தாழ 12,500 மீட்டர் உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு இயந்திரங்களும் நின்றன. விமானிகள் விமானத்தைச் சறுக்கு விமானம்போல் செலுத்தி, கிம்லி என்னும் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினர். அதில் இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

பணியாளர்களின் பெருக்கலிலும் கழித்தலிலும் பிழை இல்லை. 1.77 என்ற எண்ணுக்கு அருகில் அதன் அலகு எழுதப்பட்டிருந்தால், கிலோகிராமிலிருந்து இராத்தலைக் கழிக்க முடியாது என்பது உடனே புலப்பட்டிருக்கும். ஆகவே, அறிவியல் கூடத்தில் கணக்கிடும்போது ஒவ்வொரு படியிலும் அலகை எழுத வேண்டும். விடை வந்தபின், அது பொருந்தும் அளவா என்று ஒருமுறை சிந்திக்க வேண்டும். ஒரு லிட்டர் நீரே ஒரு கிலோகிராம்தான். நீரில் மிதக்கும் எரிபொருள் அதைவிட எடை கூடியதாக இருக்க இயலுமா? இந்த ஒரு கேள்வியே அன்றைய பிழையைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

கருத்துணர் கேள்விகள்

1. இப்பகுதியில் 'கட்டை' என்னும் சொல் எதைக் குறிக்கிறது?
2. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தை வினாடிக்கு மீட்டராக மாற்றுக. ஒவ்வொரு படியிலும் அலகை எழுதுக.
3. கிம்லியில் இறங்கிய விமானத்தில் எரிபொருள் குறைந்ததற்கான காரணத்தை உம் சொந்த நடையில் விளக்குக.